கள்ளும் காடியும் கூட்டுறவுச் சங்கமும்: செஞ்சிப் பக்கத்துப் பனைகளின் வரலாறு

பீர் என்றால் ஜெர்மனி. வீட்டிலேயே பீர் வடிப்பது என்றால் அமெரிக்கா. அதற்கு ஒரு கிளப் ஆரம்பித்து வாரக் கடைசியில் கூடிப் பேசுவது என்றால் இங்கிலாந்து. நம்மில் பலருக்கும் மனதில் இருக்கும் படம் இது தான். ஆனால் தானியத்தை முளைக்கட்டி, இடித்து, கஞ்சியில் கலந்து, சாடியில் மூடி வைத்து மது ஆக்கும் முறை தமிழில் சங்க காலத்திலேயே பதிவாகி இருக்கிறது. அதுவும் அரசன் அரண்மனையில் அல்ல, மீன் பிடிப்பவர் வீட்டில்!

மது வடிக்கும் எந்த ஊரிலும் பிசகு நடக்கும். சாடி புளித்துப் போகும், பொங்கி வழியும், இறுக மூடிய பாட்டில் வெடிக்கும். அந்தப் பிசகை ஒரு சமூகம் எப்படி எடுத்துக் கொண்டது? "அடுத்த தடவை சரியாகச் செய்" என்று கற்றுக் கொடுத்ததா, இல்லை பிடித்து உள்ளே போட்டதா? கற்றுக் கொடுக்க ஒரு சங்கம் இருந்ததா? இந்தக் கேள்விகளோடு செஞ்சி, அனந்தபுரம், விக்கிரவாண்டி, மரக்காணம் என்று பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் பனங்காட்டைச் சுற்றி வந்தால் ஒரு பெரிய வரலாறு கிடைக்கிறது.

மீனவர் வீட்டுச் சாடி

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழியில் எந்தெந்த ஊரில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக் கொண்டே போகும் பாட்டு. அதில் வலைஞர் குடியிருப்பு வரும் இடத்தில் ஒரு மதுவின் செய்முறையே இருக்கிறது.

செய்முறை இது தான். நன்றாகக் குற்றாத அரிசியைக் களி போலக் காய்ச்ச வேண்டும். அதை வாய் அகன்ற தட்டுப் பாத்திரத்தில் ஊற்றி ஆற வைக்க வேண்டும். ஆறிய களியில் 'அடை' ஒன்றைச் சேர்த்துப் பிசைய வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு போக வேண்டும். பிறகு கெட்டியான வாயுடைய சாடியில் முற்ற விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும்.

அந்த அடை என்ன? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை நெல் முளை என்று விளக்குகிறார். முளைக்கும் நெல்லில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் உண்டாகும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று மதுவாக மாற்றும். ஐரோப்பாவில் பார்லியை முளைக்கட்டிச் செய்வதும் இதே வேலை தான். அங்கே பார்லி, இங்கே நெல். அவ்வளவு தான் வித்தியாசம். இன்னொரு சுவாரஸ்யம்: அந்த அடையின் மேற்புறம் பாம்புப் புற்றில் கிடக்கும் குரும்பியைப் போல இருக்கும் என்கிறது பாட்டு. குரும்பி என்பது கரையான் புற்றுக்குள் இருக்கும் பூஞ்சைக் கூடு. வடகிழக்கு மாநிலங்களிலும் நேபாளத்திலும் அரிசி மது செய்ய இன்றும் பூஞ்சையும் ஈஸ்டும் படிந்த மாவு அடைகளைத் தான் போடுகிறார்கள். படிக்கும் போது அந்த அடைகள் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஆற வைக்கச் சொன்னதும் சும்மா இல்லை. கொதிக்கும் களியில் அடையைப் போட்டால் நொதியும் செத்து, ஈஸ்டும் செத்து, சாடியில் வெறும் கஞ்சி தான் மிஞ்சும். பல சாடிகள் வீணான பிறகு தான் இப்படி ஒரு செய்முறை உருவாகி இருக்கும். "இரண்டு பகல், இரண்டு இரவு" என்ற கணக்குக்குப் பின்னால் எத்தனை பேருடைய பிசகுகள் இருக்கின்றனவோ!

இனி செஞ்சிக்குப் பக்கத்தில் வருவோம். அதே பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன். ஓய்மா நாடு என்பது இன்றைய திண்டிவனத்தைச் சுற்றிய பகுதி. பாட்டில் வரும் கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியே இருக்கிறது. எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் பட்டினத்தில் நுளையர் வீட்டுப் பெண் அரித்துக் கொடுத்த பழைய தேறலைப் பரதவர் விருந்தினருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள், கூடவே சுட்ட மீனும் கிடைக்கும் என்று பாட்டு சொல்கிறது. மரக்காணம் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அது மறுபடியும் வரும்.

பனையின் பெயரில் ஊர்கள்

அனந்தபுரம், விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டை தான் ஞாபகம் வரும். ஆனால் கோட்டைக்கு முன்பே இந்த வட்டாரத்தில் பனை இருந்தது. அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பனமலையில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கோயில் இருக்கிறது. சுவாமி பெயர் தாளகிரீஸ்வரர். 'தாளம்' என்றால் வடமொழியில் பனை, 'கிரி' என்றால் மலை. பனைமலை நாதர்! அங்கே உள்ள பல்லவர் கால ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெயருக்குப் பின்னால் உள்ள மரத்தைக் கவனிப்பது குறைவு. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் பனையபுரம் இருக்கிறது. தேவாரத்தில் அது புறவார் பனங்காட்டூர். அங்கே தல மரமே பனை தான்.

மரம் இருந்தால் வரியும் இருக்கும். பல்லவர் செப்பேடுகளில் 'ஈழப்பூட்சி' என்று ஒரு வரி வருகிறது. மரம் ஏறிக் கள் இறக்குவோர் கட்டிய வரி அது. சோழர் காலத்துக் கொடைச் செப்பேடுகளில், தானமாகக் கொடுத்த ஊரில் உள்ள தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் காணப்படுகிறது. ஆக, "யார் மரம் ஏறலாம், யார் ஏறக் கூடாது" என்று அரசு முடிவு செய்வது வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது அல்ல. ஆயிரம் வருடத்துக்கும் மேலான பழக்கம்.

ஒரு பூச்சு சுண்ணாம்பு

பனையில் பாளை வரும் காலத்தில் பனையேறி காலில் தளைநார் மாட்டி மரம் ஏறுவார். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவி, அதில் கலயத்தைக் கட்டி விடுவார். சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். காலையும் மாலையும் ஏறிப் பாளையைப் புதிதாகச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்து விடும். அதனால் பருவ காலத்தில் பனையேறிக்கு விடுமுறை என்று எதுவும் கிடையாது.

இறங்கும் சாறு ஒன்றே தான். அது பதநீரா கள்ளா என்பதைக் கலயத்தின் உட்புறம் தான் தீர்மானிக்கிறது. உள்ளே சுண்ணாம்பு பூசி இருந்தால் சாறு காரத்தன்மை அடையும். ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலை செய்ய முடியாது. இனிப்பு அப்படியே நிற்கும். அது பதநீர். சுண்ணாம்பு பூசாவிட்டால் காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பித்து விடும். சாற்றில் உள்ள 10 முதல் 14 சதவீதச் சர்க்கரை சில மணி நேரத்திலேயே மதுவாக மாறத் தொடங்கும். ஒரு நாளுக்குள் 4, 5 சதவீத ஆல்கஹால் ஆகிவிடும். கிட்டத்தட்ட பீர் அளவு. இது கள்.

கள் அதோடு நிற்காது. ஒன்றிரண்டு நாளில் வேறு பாக்டீரியாக்கள் வந்து ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றும். அது தான் காடி. இன்று கடையில் வினிகர் என்று வாங்குகிறோம். கள்ளை பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடினால் உள்ளே உண்டாகும் கரியமில வாயு பாட்டிலை உடைத்து விடும். கள் என்பது ஓரிடத்தில் நிற்காத பொருள். அன்றைக்கு இறக்கி அன்றைக்கே தீர்க்க வேண்டியது.

பதநீர் எடுப்பவருக்கும் பிசகு உண்டு. சுண்ணாம்பு கூடினால் பதநீர் கரிக்கும், வெல்லம் கறுத்துப் போகும். குறைந்தால் புளிக்கும். புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு சரியாக இறுகாது, வெல்லம் கசிந்து கொண்டே இருக்கும். காய்ச்சும் போது பொங்கி வழிந்தால் இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டு நுரையை அடக்குவார்கள். பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ வெல்லம் தான் தேறும். பல மணி நேர விறகு, பல மணி நேர வேலை. ஒரு கலயத்தில் சுண்ணாம்பு குறைந்ததால் மொத்தமும் வீணாகலாம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பிசகுகள் எதுவும் ஆளைக் கொல்வதில்லை. கெட்டுப் போன கள் காடி ஆகும். கெட்டுப் போன பதநீர் கள் ஆகும். மூக்கும் நாக்கும் சொல்லி விடும், கீழே கொட்டி விடலாம். இயற்கையாகப் புளிக்கும் மதுவில் பிசகு நடந்தால் நஷ்டம் பணம் தான், உயிர் அல்ல.

ஆப்காரி முதல் மதுவிலக்கு வரை

1886ல் வந்த சென்னை ஆப்காரிச் சட்டம் இந்தத் தொழிலை முழுக்க அரசின் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டு வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு எண் போட்டு மர வரி வசூலித்தார்கள். கடைகளை ஏலம் விட்டார்கள். மாகாண அரசின் வருமானத்தில் மதுவுக்குப் பெரிய பங்கு வந்து சேர்ந்தது. சாராயக் கடையும் கள்ளுக்கடையும் ஊரைக் கெடுக்கின்றன என்ற கோபமும் கூடவே வளர்ந்தது. 1921ல் ஒத்துழையாமை இயக்கத்தின் போது ஈரோட்டில் பெரியார் தன் தோப்பில் இருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர் ஊரில் இது ஆச்சரியமும் இல்லை. கூலியைக் கடையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வரும் ஆண்களைப் பார்த்த வீடுகளின் கோபம் அது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

1937ல் ராஜாஜி முதல்வர் ஆனார். அந்த ஆண்டு அக்டோபர் 1ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1938ல் சித்தூரும் கடப்பாவும், 1939ல் வட ஆற்காடும் சேர்ந்தன. போன வருமானத்தை ஈடு கட்ட 1939ல் விற்பனை வரி கொண்டு வந்தார். போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. சுதந்திரத்தை ஒட்டி மறுபடியும் படிப்படியாக விரிந்து, 1948 அக்டோபர் 2ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆனது. செஞ்சியை உள்ளடக்கிய தென்னாற்காடும் அதில் அடக்கம்.

ஆனால் செஞ்சியில் இருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தூரத்தில் புதுச்சேரி! அது அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். 1954ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அதன் மதுச் சட்டம் தனி தான். எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். ஒரே வகைப் பனை, ஒரே வகைக் கலயம், இரண்டு சட்டம்.

சங்கத்தில் சேர்ந்த பனையேறிகள்

மதுவிலக்கு வந்தால் கள் இறக்கியவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு அன்றைய பதில் தான் கூட்டுறவுச் சங்கம். சேலத்திலேயே இந்த முயற்சி தொடங்கி விட்டது. கள் இறக்கியவர்களைப் பனைவெல்லம் காய்ச்சும் சங்கங்களில் சேர்த்தார்கள். பனைவெல்லத்தை ஏழைகளின் சர்க்கரையாகப் பார்த்த காந்தி அதை ஆதரித்து எழுதினார். வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தில் கஜானன் நாயக் பனைவெல்லத் தொழிலுக்கென்றே உழைத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு தென்னாற்காட்டின் தலைநகரான கடலூரில் பனைவெல்லப் பயிற்சிப் பள்ளி இயங்கியது. கிராம அளவில் தொடக்கச் சங்கம், அதற்கு மேலே மாவட்ட அளவில் ஒன்று, மாநில அளவில் பனைவெல்லம் மற்றும் தும்பு விற்பனைச் சம்மேளனம் என்று மூன்று அடுக்காக அமைப்பு வளர்ந்தது.

மேல்நாட்டு வீட்டு பீர் கிளப்பில் என்ன நடக்கும்? ஒருவர் தன் பீர் ஏன் புளித்தது என்று கேட்பார். இன்னொருவர் பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்பார். பனைவெல்லச் சங்கத்தின் அடிப்படையும் அதே தான். எவ்வளவு சுண்ணாம்பு, எந்த வாணலி, எந்தப் பதத்தில் இறக்குவது என்பதெல்லாம் சேர்ந்து கற்க வேண்டிய விஷயங்கள். சங்கத்தில் சேர்ந்தவருக்குத் தொழிலும் கிடைத்தது, 'கள் இறக்குபவர்' என்ற குற்றவாளிப் பெயரில் இருந்து விடுதலையும் கிடைத்தது. முழுக்க விடுதலை கிடைத்ததா என்றால் அது தான் இல்லை.

காரணம் அந்த ஒரு பூச்சு சுண்ணாம்பு! மழை பெய்து சுண்ணாம்பு கரைந்தாலும், வெயில் ஏறும் வரை கலயத்தை இறக்காவிட்டாலும் பதநீர் புளிக்க ஆரம்பிக்கும். ரசாயனத்தின் கண்ணில் அது பிசகு. சட்டத்தின் கண்ணில் அது கள். "பனை மரத்தின் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள்" என்று பழமொழி சொல்வது சும்மா இல்லை. பதநீர் இறக்கப் போனாலும் கள் வழக்குப் போடுகிறார்கள் என்பது பனையேறிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் புகார். அடுத்த தலைமுறை ஏன் மரம் ஏறவில்லை என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டும். உயரமும் ஆபத்தும் குறைந்த வருமானமும் மட்டும் காரணம் அல்ல.

திறந்ததும் மூடியதும்

1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கள்ளுக்கடையும் சாராயக் கடையும் திறந்தன. 1973ல் கள்ளுக்கடைகளும், 1974ல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981ல் எம்.ஜி.ஆர். அரசு இரண்டையும் மறுபடி திறந்தது. 1983ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 1990ல் மலிவு விலை மது வந்து, 1991ல் ஜெயலலிதா அரசு அதை நிறுத்தியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1987ல் மூடிய கள் மட்டும் திரும்பவே இல்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகில் இருந்து காய்ச்சிய 42 சதவீத பிராந்தி அரசுக் கடையில் கிடைக்கும். பெரிய ஆலை பீரும் கிடைக்கும். ஆனால் 5 சதவீதம் கூடத் தாண்டாத கள்ளைப் பக்கத்துத் தோப்பில் இறக்கினால் குற்றம். 1978ல் பனையை மாநில மரமாக அறிவித்த அதே தமிழ்நாட்டில் தான் இது. 2017ல் தென்னையில் இருந்து புளிக்காத நீரா இறக்க அனுமதி வந்தது. 2021ல் பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. மரத்துக்குப் பாதுகாப்பு வந்தது. கலயத்துக்கு வரவில்லை. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் உள்ள பூரிகுடிசை, நரசிங்கனூர் போன்ற ஊர்களில் பனையேறிகள் இதற்காகத் தான் குரல் கொடுத்து வருகிறார்கள். 2025 ஜனவரியில் பூரிகுடிசையில் கள்ளுக்கான மாநாடே நடந்தது.

கெட்டுப் போவது வேறு, கொல்வது வேறு

தடை வந்த போதெல்லாம் கள்ளச் சாராயமும் வந்தது. வெல்லத்தையும் வெள்வேல மரப்பட்டையையும் தண்ணீரில் போட்டு ஊறல் வைப்பார்கள். புளித்த பிறகு பானையில் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்துப் பிடிப்பார்கள். அழுக்கு, தீ விபத்து, வயிற்றுக் கோளாறு என்று அதிலும் ஆபத்துகள் உண்டு. ஆனால் கூட்டம் கூட்டமாக மனிதர்களைக் கொன்றது பெரும்பாலும் இந்த ஊறல் அல்ல. தொழிற்சாலையில் இருந்து கடத்தி வந்து தண்ணீர் கலந்து விற்ற மெத்தனால்.

மெத்தனால் பார்க்கவும் முகரவும் எத்தனால் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். இந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தை அமிலமாக்கும். பார்வை மங்கும், மூச்சுத் திணறும், உயிர் போகும். குடித்த உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத் தான் தெரியும். அதற்குள் அதே கேனில் இருந்து நூறு பேர் குடித்திருப்பார்கள். கள் கெட்டால் நாக்கு சொல்லும். மெத்தனாலை எந்த நாக்கும் கண்டுபிடிக்காது.

தமிழ்நாட்டில் 1959ல் வந்த விதிகளின் பெயரே இந்த வரலாற்றைச் சொல்லும்: இயல்பு திரிந்த சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் விதிகள். மது விதிகளில் வார்னிஷுக்கு என்ன வேலை? மர நாற்காலிக்குப் பூசுவதை மனிதர்கள் குடித்தார்கள் என்பது தான் பதில். அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த போது, தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாது என்று அரசே அதில் மெத்தனால் கலக்க வைத்தது. மக்கள் அதையும் குடித்துச் செத்தார்கள்.

இப்போது பழைய தென்னாற்காட்டின் கணக்கைப் பாருங்கள். 2001 இறுதியில் பண்ருட்டி வட்டாரத்தில் விஷச் சாராயத்துக்கு 50க்கும் மேற்பட்டோர் பலி. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் பலி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65க்கும் மேற்பட்டோர் பலி. மாவட்டப் பெயர்கள் இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பிரிந்து கிடக்கின்றன. 1993க்கு முன்னால் இந்த மூன்று ஊர்களும் ஒரே மாவட்டம்.

எக்கியார்குப்பம் ஒரு மீனவ கிராமம். சங்கப் பாட்டில் மீனவர் வீட்டுப் பெண் தேறல் அரித்துக் கொடுத்த அதே மரக்காணக் கரை. அன்று வந்த விருந்தாளிக்கு அந்தத் தேறலை யார் வடித்தது, எந்தச் சாடியில் வடித்தது என்று தெரியும். 2023ல் பாக்கெட்டில் வாங்கிக் குடித்தவர்களுக்கு அது எந்தத் தொழிற்சாலையில் இருந்து வந்தது என்று தெரியாது. இடையில் காணாமல் போனது அந்த அறிமுகம் தான். செய்பவரும் குடிப்பவரும் ஒரே ஊரில் முகம் பார்த்துக் கொள்ளும் வரை விஷத்துக்கு இடம் குறைவு. கேன் கை மாறி கை மாறி இருட்டில் வரும் போது தான் விஷம் உள்ளே நுழைகிறது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024ல் சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கப்பட்டது. தண்டனை தேவை தான். ஆனால் தண்டனை செத்த பிறகு வருவது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் 1880ல் இருந்து வீட்டில் பீர் வடிக்க லைசன்ஸ் வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1963ல் நிதி அமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933ல் போன பிறகும் வீட்டு பீர் சட்ட விரோதமாகவே இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1974ல் 'மால்டோஸ் ஃபால்கன்ஸ்' என்ற கிளப் அந்தக் காலத்திலேயே தொடங்கி விட்டது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட, 1979 பிப்ரவரியில் வீட்டு பீருக்கு அனுமதி வந்தது. 1978லேயே அமெரிக்க வீட்டு பீர் தயாரிப்பாளர் சங்கமும் உருவானது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே அனுமதி புளிக்க வைப்பதற்குத் தான். வீட்டில் காய்ச்சி வடிக்க அந்தச் சட்டம் அனுமதி தரவில்லை. புளிப்பது வேறு, காய்ச்சுவது வேறு என்று சட்டம் பிரித்துப் பார்த்தது. தமிழ்நாட்டுச் சட்டம் கலயத்தையும் கேனையும் ஏறக்குறைய ஒரே தட்டில் வைத்தது.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். யாழ்ப்பாணத்தில் 1970களின் தொடக்கத்தில் தவறணைக் குத்தகை முறைக்குப் பதிலாகச் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இறக்கிய கள்ளைச் சங்கமே வாங்கியது, சங்கமே விற்றது. மிஞ்சியதைக் காய்ச்ச வடமராட்சியில் திக்கம் வடிசாலை அமைந்தது. போரும் இடப்பெயர்வும் வந்து எல்லாவற்றையும் சிதைத்த போதும் சங்கம் என்ற அமைப்பு அங்கே பிழைத்துக் கிடந்தது. கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர் நல நிதிக்கு 1969லேயே சட்டம் வந்து விட்டது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கள் இறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்களுக்கே மரமும் கடையும் ஒதுக்கும் முறை இருக்கிறது.

சங்கம் இருந்தால் எல்லாம் சரியாகி விடுமா? இல்லை. 2025 ஜூலையில் ஐதராபாத் குகட்பல்லிப் பகுதியில் கலப்படக் கள் குடித்துச் சிலர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மரத்தில் இறங்குவதை விடக் கடையில் விற்பது அதிகமானால் இடைவெளியை மயக்க மருந்து நிரப்பும். பனை இல்லாத நகரத்துக்குக் கள்ளைக் கொண்டு போவது தான் அங்கே நடந்த தவறு. கள் ஊர்ப் பொருள். தோப்பைத் தாண்டிப் பல மைல் போனால் அது கள்ளாக இருக்காது. ஒன்று காடி ஆகியிருக்கும், அல்லது யாரோ எதையோ கலந்திருப்பார்கள்.

முடிவாக

கள் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவது எளிது. வள்ளுவர் ஒரு பக்கம், சங்கப் புலவர்கள் ஒரு பக்கம் என்று மேடை கட்டி விடலாம். குடியால் கெட்ட குடும்பங்கள் உண்மை, அவற்றைக் கள்ளும் கெடுத்திருக்கிறது. ஆனால் இந்த வரலாறு கேட்கும் கேள்வி வேறு. பிசகு நடந்தால் காடியாகும் ஒரு பொருளையும், பிசகே இல்லாமல் கொல்லும் ஒரு பொருளையும் ஒரே குற்றமாகப் பார்த்ததில் நமக்கு என்ன மிச்சம்?

1937ல் மதுவிலக்கு கொண்டு வந்தவர்களுக்குக் கூட ஒன்று தெரிந்திருந்தது. கலயத்தைப் பிடுங்கினால் மட்டும் போதாது, பனையேறியைச் சேர்த்துக் கொள்ள ஒரு சங்கம் வேண்டும் என்பது தான் அது. அந்தச் சங்கங்கள் மெலிந்து போயின. தடை மட்டும் திடமாக நின்றது. பனங்கற்கண்டுக்கும் பனைவெல்லத்துக்கும் இன்று நகரங்களில் நல்ல கிராக்கி. ஆனால் ஏறத் தெரிந்தவர்கள் வயதாகிக் கொண்டே போகிறார்கள். எவ்வளவு சுண்ணாம்பு பூசுவது என்பது புத்தகத்தில் இல்லை, அவர்கள் விரலில் இருக்கிறது.

அடுத்த முறை செஞ்சிக் கோட்டைக்கோ பனமலை ஓவியத்துக்கோ போகிறவர்கள் அனந்தபுரம் சாலையில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி அந்தப் பனைகளையும் பாருங்கள். பருவம் என்றால் மேலே கலயம் தெரியும். யாராவது பதநீர் விற்றால் வாங்கிக் குடியுங்கள். கொஞ்சம் புளிப்பாக இருந்தால் கோபப்படாதீர்கள், ஏறியவரிடம் சொல்லுங்கள். நாளைக்குச் சுண்ணாம்பைக் கூட்டிப் பூசுவார்.